பின்பக்கம் உட்காரும் வேகன்: எண்ணெய் சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு சாதா ஸ்பிரிங் போடலாமா?

வாசகி கேள்வி:

அண்ணே, வணக்கம். சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாணம், கருமக்கிரியை என்றால் சமைத்துக் கொண்டுபோய் இறக்குவது நானும் வீட்டுக்காரரும்தான். வண்டி 1991 மெர்சிடீஸ் 230 டிஇ வேகன். தோட்டத்தில் கிராணியாக இருந்த என் மாமனார் ஆசை ஆசையாக வைத்திருந்தது. கொஞ்ச நாளாகக் காலையில் பார்த்தால் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டால் தானாக எழுந்துவிடுகிறது. ஆனால் ஓட்டும்போது பின்பக்கம் கல் மாதிரி இடிக்கிறது. போன மாதம் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் அண்டா மூடி எகிறிப் பாதி சாம்பார் வண்டிக்குள்ளேயே கொட்டிவிட்டது. எங்கள் போர்மேன், "இந்த எண்ணெய் சிஸ்டத்தையே கழற்றிப் போட்டுவிட்டு சாதா ஸ்பிரிங்கும் அப்சோபரும் மாட்டிவிடலாம், இனித் தொல்லையே இருக்காது" என்கிறார். 1,800 வெள்ளி கேட்கிறார். மாற்றலாமா? மாமனார் வண்டி, கெட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

தங்கச்சி, மாற்றலாம். முழுதாக மாற்றினால் வண்டி கெட்டுப்போகாது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்ன கோளாறு என்பதை நீங்களே அதில் எழுதிவிட்டீர்கள். அதை வைத்துச் சொல்கிறேன்: 1,800 வெள்ளியை இப்போது எடுக்க வேண்டாம். உங்கள் வண்டியில் பெரும்பாலும் செத்திருப்பது இரண்டு உருண்டைகள் மட்டும்தான்.

முதலில் அந்த எண்ணெய் சிஸ்டம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதனால்தான் பலரும், "ஸ்பிரிங் ஏற்கெனவே இருக்கிறதே, எண்ணெய் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அந்த ஸ்பிரிங் காலி வண்டியைத் தாங்கத்தான் போதும். வேண்டுமென்றே மென்மையாக, எளிதில் அமுங்கும்படி செய்யப்பட்ட ஸ்பிரிங் அது. நீங்கள் ஏற்றுகிற அண்டாவின் பாரத்தைத் தாங்குவது எண்ணெய். என்ஜின் ஓட்டுகிற ஒரு பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. பின்னால் ஸ்டெபிலைசர் கம்பியில் சின்னத் தண்டு ஒன்றால் கோத்த ஒரு வால்வு இருக்கிறது. வண்டி தாழ்ந்தால் கம்பி திரும்பும், தண்டு இழுக்கும், வால்வு திறக்கும், எண்ணெய் பின்னால் இருக்கிற இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் (பின்பக்கத்தைத் தாங்கும் எண்ணெய்த் தண்டுகள்) போய் வண்டியைத் தூக்கும். பாரத்தை இறக்கினால் அதே வால்வு எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. நல்ல போர்மேன் ஒருவர் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

பின்பக்கத்தை மட்டும் எண்ணெயும் வாயுவும் கொண்டு தாங்கவைக்கும் வேலையைப் பிரான்சில் சித்ரோவன் கம்பெனி 1954லேயே விற்பனை வண்டியில் செய்துகாட்டியது. மெர்சிடீஸ் 1977இல் தன் தொழிற்சாலையிலேயே கட்டிய முதல் வேகனைக் காட்டியபோது, அதில் இதை எல்லா வண்டிக்கும் சேர்த்தே கொடுத்தது. 1985இல் வந்த 124 வரிசை வேகனிலும் அப்படித்தான், உங்கள் வண்டி அந்த வரிசைதான். காசு கூடக் கொடுத்து வாங்கும் சொகுசாக இதை வைக்கவில்லை. வேகன் என்றால் பாரம் ஏற்றுவார்கள், ஏற்றினாலும் வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்று வைத்தார்கள்.

இப்போது அந்த உருண்டைகள். எண்ணெய் அமுங்காது. ஸ்ட்ரட்டுக்குள் எண்ணெய் மட்டும் இருந்தால் சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த அடி அப்படியே பாடிக்கு வரும். அதற்காகத்தான் ஒவ்வொரு பக்கமும் ஓர் இரும்பு உருண்டை வைத்திருக்கிறார்கள். பட்டறையில் ஸ்பியர் என்போம். உள்ளே நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் நைட்ரஜன் வாயு. சக்கரம் மேலே வரும்போது எண்ணெய் சவ்வைத் தள்ளும், வாயு அமுங்கி இடம் கொடுக்கும். பந்தை விரலால் அமுக்குவது மாதிரி. வருடங்கள் போகப் போக வாயு கசிந்துபோகும், அல்லது சவ்வு கிழியும். அப்புறம் உருண்டை முழுக்க எண்ணெய்தான். இடம் கொடுக்க எதுவும் இல்லை. பின்பக்கம் கல் மாதிரி இடிக்கும். நீங்கள் எழுதிய அதே வார்த்தை.

ஐந்து நிமிடத்தில் வண்டி எழுந்துவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பம்ப் வேலை செய்கிறது, வால்வும் எண்ணெயை உள்ளே விடுகிறது. இந்தச் சிஸ்டத்தில் பெரிய செலவு வைப்பது பம்ப். அது நன்றாக இருக்கும்போது மொத்தத்தையும் கழற்றிப் போடுவது, அடுப்பு எரியும்போது திரி மாற்றாமல் அடுப்பையே தூக்கி எறிவது மாதிரி. இரவில் உட்காருவது வேறு விஷயம். வால்வுக்குள்ளோ ஸ்ட்ரட்டிலோ கொஞ்சமாக எண்ணெய் பின்வாங்குகிறது. முப்பது வருடம் தாண்டிய வண்டியில் இது சகஜம். வெளியே சொட்டாமல் காலையில் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

நான் சொல்வதை நம்பி உடனே பொருள் வாங்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு சேர்ந்து நீங்களே பார்த்துவிடலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, எழும்பும்வரை விடுங்கள். பின்சக்கரத்துக்கு மேலே வீல் ஆர்ச் விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடுவரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் என்ஜின் ஓடும்போதே நான்கு அரிசி மூட்டையைப் பின்னால் ஏற்றுங்கள். வண்டி முதலில் தாழும், கொஞ்ச நேரத்தில் பழைய அளவுக்கு வர வேண்டும். வந்தால் பம்பும் வால்வும் நலம். பாரம் உள்ளேயே இருக்கட்டும். பின் பம்பரை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். நல்ல ஸ்பியர் இருந்தால் மெத்தையை அழுத்துவது போலப் போய் வரும். செத்திருந்தால் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்துக்கு மெஷின் வேண்டாம், உள்ளங்கையே சொல்லிவிடும்.

பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள், படுத்துப் பார்த்தாலே தெரியும். ஸ்ட்ரட் இரண்டும் ஈரமாக இருக்கிறதா, முன்னிருந்து பின்னால் ஓடும் குழாய்களில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கிறதா, வால்வைக் கோக்கும் அந்தத் தண்டு ஒடிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். தண்டு கழன்றிருந்தால் வால்வுக்கு வண்டியின் உயரமே தெரியாது. அந்தச் சின்னத் துண்டு போனதைக் கவனிக்காமல் பம்பையே மாற்றியவர்கள் உண்டு.

என்ஜின் பக்கத்தில் இந்தச் சிஸ்டத்துக்கென்று தனி எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. அதில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று போர்மேனிடம் கட்டாயம் கேளுங்கள். இதற்கான எண்ணெய் தனி. டின்னில் மெர்சிடீஸ் 343.0 என்று இருக்க வேண்டும். பிரேக் எண்ணெய் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது, ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும். கியர் எண்ணெயும் வேண்டாம். தொட்டியைத் திறந்தால் சிவப்பாகத் தெரிகிறதா? யாரோ ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர் எண்ணெய், ஊற்றியிருக்கிறார்கள். முழுக்க வடித்து, தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரையும் மாற்றி, சரியான எண்ணெய் ஊற்ற வேண்டும்.

என் கணிப்பு சரியென்றால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு ஸ்பியரையும் சேர்த்தே மாற்றுவது, புது எண்ணெய், புது ஃபில்டர். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் மெத்தை, ஒரு பக்கம் கல் என்று ஓடும். ஸ்பியர் செத்த பிறகும் தள்ளிப்போட்டு ஓட்டாதீர்கள். வாயு வாங்க வேண்டிய அடியை ஸ்ட்ரட் சீலும் குழாயும் வாங்குகின்றன. இன்று ஸ்பியரோடு முடிகிற செலவு நாளை ஸ்ட்ரட்டுக்கும் போகும்.

போர்மேனுக்கு ஒரு வார்த்தை. வால்வில் அழுத்தத்தை இறக்குவதற்கென்று ஒரு திருகு இருக்கிறது. அதைத் திறந்து எண்ணெயை இறக்கிய பிறகுதான் எந்த நட்டையும் தொட வேண்டும். அழுத்தத்தோடு ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னக் காயம், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடும். அந்தத் திருகைத் திறந்ததும் வண்டியின் பின்பக்கம் இறங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. ஸ்டாண்டு வைக்காமல் யாரும் கீழே படுக்க வேண்டாம்.

சரி, சோதித்துப் பார்த்ததில் பம்ப் போய்விட்டது, குழாய் நெடுகத் துரு, ஸ்ட்ரட்டும் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சாதா ஸ்பிரிங்குக்குப் போவதில் தப்பில்லை. நானே பல வண்டிக்குச் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் போர்மேன் "ஸ்பிரிங்" என்று சொன்னது எந்த ஸ்பிரிங் என்று கேட்டீர்களா?

கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு அண்டா சோறு, சாம்பார், பிரட்டல், பாயசம், தண்ணீர் கேன், கேஸ் தோம்பு எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வையுங்கள். அது பின் அச்சில் விழுந்தால் சக்கரத்துக்கு 125 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டரைக் கிலோ வாங்குகிற மென்மையான ஸ்பிரிங் என்றால், 125 கிலோவுக்கு 50 மில்லிமீட்டர் தாழும். ஐந்து சென்டிமீட்டர். எண்ணெய் இருந்தால் அந்த ஐந்தையும் அதுவே மறுபடி தூக்கிவிடும். எண்ணெயை எடுத்துவிட்டால் தூக்க ஆள் இல்லை. மில்லிமீட்டருக்கு நான்கு கிலோ வாங்கும் ஸ்பிரிங் போட்டால் அதே பாரத்துக்கு 31 மில்லிமீட்டர்தான் தாழும். ஆனால் பாத்திரங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பாதை சொரசொரப்பெல்லாம் முதுகில் தெரியும். சாதா ஸ்பிரிங் போட்ட வேகனில் காலிக்கு ஒரு குணம், பாரத்துக்கு ஒரு குணம். அதை ஒத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் வண்டி என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. அடிக்கடி முழுப் பாரத்தில் போய்க் காலியாக வரும் உங்கள் வண்டிக்குத் தெரியும்.

ஆகவே எண்ணெய் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் மாற வேண்டும். வேகனுக்கென்றே, எண்ணெய் இல்லாமல் மொத்த பாரத்தையும் தாங்கும்படி செய்த தடித்த ஸ்பிரிங், அதற்கு ஏற்ற அப்சோபர், மேலே பிடிக்கும் ரப்பர் எல்லாம் ஒரே செட்டாக வாங்க வேண்டும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் போத்தோங் கடையில் செடான் ஸ்பிரிங் கிடைக்கிறது என்று எடுத்துவரக் கூடாது. வேகனின் பின்பக்கக் கனம் வேறு. ஸ்பிரிங் உட்காரும் ரப்பர் வட்டில் பல தடிப்பில் வரும், விளிம்பில் இருக்கும் புடைப்புகளை எண்ணி எந்த அளவு என்று பார்ப்போம். உயரத்தைச் சரிசெய்ய அது போதும், மரக்கட்டையோ டயர்த் துண்டோ வைக்கக் கூடாது.

பம்பை என்ன செய்யப்போகிறார் என்பதையும் கேளுங்கள். 124 வேகன்களில் என்ஜினுக்கு என்ஜின் பம்ப் மாறும். சிலவற்றில் கேம்ஷாஃப்ட் முனையில் தனியாக இருக்கும், சிலவற்றில் பவர் ஸ்டீரிங் பம்போடு ஒட்டி இரட்டையாக இருக்கும். குழாயை வெட்டிவிட்டுப் பம்பை அப்படியே சுற்ற விட்டால் எண்ணெய் இல்லாமல் தேய்ந்து போகும். இரட்டைப் பம்ப் என்றால் ஸ்டீரிங்கையும் சேர்த்துக் கெடுக்கும். ஒன்று, பம்பைக் கழற்றி அந்த இடத்தை முறையான மூடி போட்டு அடைக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் தொட்டிக்கே திரும்பிச் சுற்றும்படி குழாயை இணைக்க வேண்டும்.

பழைய ஸ்ட்ரட்டையே விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் வடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்த ஸ்ட்ரட்டும் எண்ணெயும் சேர்ந்துதான் உங்கள் வண்டிக்கு அப்சோபர். எண்ணெய் இல்லாவிட்டால் பின்சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும், மழையில் பிரேக் அடித்தால் பின்பக்கம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டறை தொடங்கிய புதிதில் நானும் பாதி வேலை செய்தேன். ஒருவர் பணம் குறைவு என்றார். அவருடைய 124 வேகனில் ஸ்ட்ரட்டைக் கழற்றி சாதா அப்சோபர் போட்டேன், பழைய மென்மையான ஸ்பிரிங்கை அப்படியே விட்டு அடியில் தடித்த வட்டில் வைத்து உயர்த்தினேன். காலியாக நின்றபோது மட்டமாக, அழகாக இருந்தது. ஆறு மாதம் கழித்துத் தைப்பூசத்துக்குக் குனோங் சீரோவுக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போய்வந்தவர் நேராக என்னிடம் வந்தார், பின்னால் டக் டக்கென்று சத்தம் என்று. தூக்கிப் பார்த்தேன். தடுப்பு ரப்பர் இரண்டும் நசுங்கிக் கிழிந்திருந்தன. வண்டி எப்போதும் தாழ்ந்தே ஓடியதால் பின்சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தது. வெளியே பார்த்தால் பூ நன்றாக இருந்த டயரின் உள்விளிம்பைத் தடவினேன், கம்பி விரலில் குத்தியது. அந்த டயரில்தான் குழந்தைகள் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழற்றி, சரியான ஸ்பிரிங் வாங்கிக் கூலி இல்லாமல் மாட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பாதி மாற்றம் கேட்டு யார் வந்தாலும் செய்வதில்லை.

எந்த வழியில் போனாலும் இன்னொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் ஸ்பிரிங் உட்காரும் கீழ் ஆர்முக்குப் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். தோட்டத்துச் செம்மண் சேறு அதற்குள் போய் இறுகிவிடும், மழைக்காலம் முழுக்க ஈரம் காயாது. மூடியைக் கழற்றினால்தான் ஸ்பிரிங் கிண்ணம் துருப்பிடித்து ஓட்டையாகியிருப்பது தெரியும். துருப்பிடித்த கிண்ணத்தில் தடித்த புது ஸ்பிரிங் வைத்தால் ஒருநாள் அது கீழே பிய்த்துக்கொண்டு வரும். சந்தேகம் இருந்தால் ஆர்மையே மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றவும் உள்ளே விட்டு இறுக்கும் தட்டு வகைக் கம்ப்ரசர் வேண்டும். வெளியே கொக்கி போடும் சாதா வகை இந்த வண்டிக்குச் சரியாகப் பிடிக்காது. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். அந்தச் சாமான் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வோல்வோ வேகன் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் வேறு. பழைய வோல்வோ வேகன் சிலவற்றில் நிவோமாட் என்ற அப்சோபர் இருக்கும். அதற்கு வெளிப் பம்ப் இல்லை, குழாய் இல்லை, வண்டி ஓடும் ஆட்டத்திலேயே தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளும். கெட்டால் பிரித்துப் பழுதுபார்க்க எதுவும் இல்லை, முழுதாகத்தான் மாற்ற வேண்டும், விலையும் அதிகம். அங்கே தடித்த ஸ்பிரிங்கும் சாதா அப்சோபரும் போடுவது நியாயமான முடிவு. அங்கும் ஸ்பிரிங் மாறியே ஆக வேண்டும், நிவோமாட்டோடு வரும் ஸ்பிரிங்கும் மென்மையானதுதான்.

ஒருவேளை நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், வேலை முடிந்ததும் முன்விளக்கு உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பில்லை வண்டிப் புத்தகத்தோடு வைத்துக்கொண்டால் நாளைக்குப் பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போகும்போது விளக்கம் சொல்ல வசதி. கழற்றிய பம்ப், வால்வு, தொட்டி எதையும் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். எண்ணெய் துடைத்து, துளைகளை அடைத்து, ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் பிள்ளை ஒருநாள் தாத்தாவின் வண்டியைப் பழையபடி ஆக்க நினைக்கலாம்.

புது ஸ்பியர் வந்து சேரும்வரை கொஞ்சம் சமாளியுங்கள். கனமான அண்டாவைப் பின்கதவு ஓரம் வைக்காமல், பின்சீட்டின் முதுகை ஒட்டி வைத்துக் கயிறு கட்டுங்கள். அச்சுக்குப் பின்னால் தொங்கும் பாரம்தான் வண்டியை அதிகமாக உட்காரவைக்கும், முன்சக்கரத்தின் பிடியையும் குறைக்கும். சாம்பாரை ஒரே பெரிய அண்டாவில் கொண்டுபோகாமல் இரண்டு மூடித் தோம்பில் பிரித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அளந்த அளவையும், பம்பரை அழுத்தியபோது கைக்கு எப்படி இருந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.